மூலம் எது? மேடைப்பதிவு இசைத்தட்டுகளின் முதலச்சு குறித்துச் சில சிந்தனைகள்

பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்போர் ஒரு தட்டைக் கையிலெடுத்ததும் அதனை உடனே ஓடவிட்டுக் கேட்பதில்லை. விளக்கொளியில் அதனைச் சற்றே சாய்த்து, இசைவரி முடியும் இடத்திற்கும் நடுவில் ஒட்டப்பட்ட வட்டச் சீட்டிற்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை உற்று நோக்குவர். அங்கே கையாலோ அச்சாலோ பொறிக்கப்பட்ட சில எண்களும் எழுத்துகளும் இருக்கும். அத்தட்டு எந்த மூல வெட்டிலிருந்து வந்தது, ஏறத்தாழ எக்காலத்தில், எந்த ஆலையில் அழுத்தப்பட்டது என்பனவற்றை அவற்றைக் கொண்டு பழகிய கண் ஊகித்துவிடும். ஏட்டுச்சுவடியைக் கையிலெடுத்ததும் இறுதி ஏட்டைப் புரட்டி, படியெடுத்தவர் பெயரையும் ஆண்டையும் தேடும் சுவடிப் புலமையாளரின் பழக்கத்தோடு இது பெரிதும் ஒத்துள்ளது. மூலத்திற்கு மிக அண்மையில் நிற்கும் சான்றையே இரு சாராரும் தேடுகின்றனர்.

எந்த மூலத்திற்கு அண்மையில் என்று கேட்கும்போதுதான் சிக்கல் எழுகின்றது. ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாகும் இசைத்தட்டிற்கு முன்னால் வேறொரு நிகழ்ச்சி இல்லை. தட்டே அங்குப் படைப்பு. மேடைப்பதிவின் நிலை வேறு. ஓர் இரவு, ஓர் அரங்கு, ஒரு கூட்டம் ஆகியவை தட்டிற்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிட்டன. ஆகவே மேடைப்பதிவிற்கு மூலங்கள் இரண்டு: நிகழ்ந்தது ஒன்று, வெளியிடப்பட்டது மற்றொன்று. முதலச்சைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் இவ்விரண்டையும் ஒன்றெனவே கொள்கின்றனர். முழுமைப் பதிப்பு என்று விளம்பரம் செய்து மறுபதிப்பு வெளியிடுவோரும் அவ்வாறே கொள்கின்றனர். 1956 முதல் 1970 வரை வெளிவந்து இன்று செவ்வியல் தகுதி பெற்றுவிட்ட சில மேடைப்பதிவுகளை முன்வைத்து, இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

முதலச்சு என்பது ஒன்றா?

முதலச்சின்மீது சேகரிப்பாளர் வைக்கும் மதிப்பு வெறும் பழைமைப் பற்று அன்று. அதற்குத் தொழில்நுட்ப அடிப்படை உண்டு. ஒலிநாடாவிலுள்ள இசை, அலுமினியத் தகட்டின்மேல் அரக்குப் போன்ற பூச்சிட்ட தட்டொன்றில் முதலில் வெட்டப்படும். அத்தட்டின்மேல் வெள்ளி படியச் செய்து, மின்முலாம் முறையில் நிக்கல் தகடு எடுப்பர். இது தந்தைத் தகடு. அதிலிருந்து தாய்த் தகடு. தாய்த் தகட்டிலிருந்து அச்சுத் தகடு. அச்சுத் தகட்டைக் கொண்டு வினைல் பிசினை அழுத்தினால் நம் கைக்கு வரும் இசைத்தட்டு. அச்சுத் தகடு ஏறத்தாழ ஆயிரம் தட்டுகளை அழுத்திய பின்னர்த் தேயத் தொடங்கிவிடும். நாடாவும் ஆண்டுகள் செல்லச் செல்ல நலிவுறும். எனவே நாடா புதிதாக இருந்தபோது வெட்டப்பட்டு, அச்சுத் தகடு தேயுமுன் அழுத்தப்பட்ட தட்டு சிறந்தது என்னும் எண்ணம் நியாயமானதே. படிக்குப் படி வழு பெருகும் என்று சுவடியியல் கூறுவதும் இதுவே.

எனினும் ‘முதல்’ என்பதும் இங்கு ஒருமையன்று. கொலம்பியா நிறுவனம் 1950களில் பிரிட்ஜ்போர்ட், டெரெ ஹோட், ஹாலிவுட் ஆகிய மூன்று இடங்களில் ஆலைகள் வைத்திருந்தது. ஒரே இசைத்தட்டிற்குப் பல வெட்டுகள் எடுக்கப்பட்டு, 1ஏ, 1பி, 1சி எனக் குறியிடப்பட்டு அவ்வாலைகளுக்கு அனுப்பப்பட்டன. சேகரிப்பாளருள் சிலர் 1ஏ என்னும் குறியைக் கண்டதும் மூலமே கிடைத்துவிட்டதாக மகிழ்கின்றனர். உண்மையில் அது ஒரு தாய்க்குப் பிறந்த பல பிள்ளைகளுள் ஒன்று. 1ஏ வெட்டின் அச்சுத் தகடு தேய்ந்த நிலையில் அழுத்தப்பட்ட தட்டைக் காட்டிலும், பின்வந்த வெட்டொன்றின் புதிய தகட்டில் அழுத்தப்பட்டது தெளிவாக ஒலிக்கக்கூடும். முற்பட்ட சுவடி எல்லாம் நல்ல பாடம் தரும் என்று நாம் கொள்வதில்லை அல்லவா?

முதலச்சின் சான்று மதிப்பு ஐயமின்றி விளங்கும் இடம் நாடா தவறிப்போன இடமாகும். ஜேம்ஸ் பிரவுன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்பல்லோ அரங்கில் 1962 அக்டோபர் 24 அன்று பாடியதைப் பதிவுசெய்ய, அவருடைய இசைத்தட்டு நிறுவனத் தலைவர் சிட் நேதன் பணம் தர மறுத்தார். ஏற்கெனவே வெளிவந்த பாடல்களை மேடையில் பாடிய தட்டை யார் வாங்குவர் என்பது அவர் கணக்கு. பிரவுன் தம் பணத்தைச் செலவிட்டே பதிவுசெய்தார். 1963இல் வெளிவந்த அத்தட்டு பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை உயர்ந்து, 66 வாரங்கள் அப்பட்டியலில் நிலைத்தது. இத்தகைய தட்டின் மூல நாடா வெகுகாலம் இருக்குமிடம் தெரியாமற் போயிற்று; அதனால் 1990 வரையில் குறுந்தட்டு வடிவமே வரவில்லை. அவ்விடைக்காலத்தில் பழைய வினைல் தட்டுகளே அவ்விரவின் முதன்மைச் சான்றாக நின்றன.

நாடாவின் கதை இன்றும் முடிந்தபாடில்லை. 2022இல் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை (4 கோடியே 10 இலட்சம்), 1987க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுகளின் எண்ணிக்கையை (3 கோடியே 30 இலட்சம்) விஞ்சியது. அதே ஆண்டிலேதான், மூல நாடாவிலிருந்து நேரே வெட்டப்பட்டவை என்று வாங்குவோர் நம்பியிருந்த உயர்விலை மறுபதிப்புகள் பலவற்றில் இடையே ஒரு கணினிப்படி புகுந்திருந்தது என்பதும் வெளிப்பட்டது. அதுவரை அத்தட்டுகளின் ஒலியைப் புகழ்ந்து வந்த செவிகளுள் எதுவும் அதனைக் கண்டறியவில்லை. படி வரலாற்றைச் செவியால் மட்டும் அறிந்துவிட இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நியூபோர்ட்டும் ஃபோல்சமும்

முதலச்சு நிகழ்ச்சிக்கு மிக அண்மையது என்னும் கருத்தைத் தலைகீழாக்குவது டியூக் எலிங்டனின் நியூபோர்ட் தட்டு. 1956 ஜூலை 7 அன்று இரவு, நியூபோர்ட் ஜாஸ் விழாவில், 1937இல் தாம் இயற்றிய ‘டிமினுவெண்டோ இன் புளூ’, ‘கிரெசெண்டோ இன் புளூ’ ஆகிய இரண்டையும் எலிங்டன் இணைத்து வாசிக்கச் செய்தார். அவ்விரண்டிற்கும் இடையே சாக்சபோன் கலைஞர் பால் கொன்சால்வஸ் 27 சுற்றுகள் தனித்து வாசித்தார். கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கிற்று. சரிவில் இருந்த எலிங்டனின் புகழ் அவ்விரவிலேயே மீண்டது. அடுத்த மாதம் ‘டைம்’ இதழின் அட்டையில் அவர் இடம்பெற்றார். தாம் 1956இல் நியூபோர்ட்டில் பிறந்ததாகவே அவர் பின்னாளில் கூறிக்கொள்வதுண்டு.

ஆனால் அவ்வாண்டிலேயே வெளிவந்த தட்டின் பெரும்பகுதி நியூபோர்ட்டில் பதிவானது அன்று. விழாவிற்கென எழுதிய தொடரிசை மேடையில் போதிய ஒத்திகையின்றி வாசிக்கப்பட்டதில் எலிங்டனுக்கு மனக்குறை இருந்தது. ஆகவே ஜூலை 9 அன்று ஒலிப்பதிவுக்கூடத்தில் அது மீண்டும் வாசிக்கப்பட்டு, அதன்மேல் விழாவின் கரவொலியும் அறிவிப்பும் ஒட்டப்பட்டன. கொன்சால்வஸின் வாசிப்பு மேடையில் நிகழ்ந்ததே. ஆனால் அவர் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிவாங்கியை விடுத்து, அருகிலிருந்த ‘அமெரிக்கக் குரல்’ வானொலியின் ஒலிவாங்கியை நோக்கி வாசித்துவிட்டார். அதனால் அத்தட்டில் நிகழாத தொடரிசை அருகில் ஒலிக்கின்றது. உண்மையில் நிகழ்ந்த சாக்சபோன் தொலைவில் ஒலிக்கின்றது. வானொலி நாடா 1990களில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, நிறுவன நாடாவுடன் பொருத்தப்பட்டு, 1999இல் முழு நிகழ்ச்சியும் ஸ்டீரியோ ஒலியில் குறுந்தட்டாக வந்தது. ஒன்றையொன்று அறியாத இரண்டு மோனோ நாடாக்கள் இருபுறச் செவிகளாயின. நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிந்திய பதிப்பு நிகழ்ச்சிக்கு அண்மையில் நிற்க, முதலச்சு சேய்மையில் நிற்கின்றது.

இதனால் 1956ஆம் ஆண்டுத் தட்டைப் போலி என்று ஒதுக்கலாமா? ஒதுக்கலாகாது என்பதே நம் கருத்து. எலிங்டனின் தட்டுகளுள் மிகுதியாக விற்றது அதுதான். ஒரு தலைமுறை நியூபோர்ட் என்று எதனை எண்ணிற்றோ அது அத்தட்டிலுள்ள ஒலியே. தொலைவில் ஒலித்த அந்தச் சாக்சபோனும், அதனை மூழ்கடிக்கும் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்தே அவ்விரவை ஒரு தொன்மமாக்கின. நமக்குச் செவ்வையான 1999ஆம் ஆண்டுப் பதிப்பைக் கேட்கும்போது வாசிப்பின் நுட்பம் விளங்குகின்றது. கூட்டம் ஏன் அத்துணைப் பேசப்பட்டது என்பது பழைய தட்டிலேதான் விளங்குகின்றது.

ஜானி கேஷின் ஃபோல்சம் சிறைத் தட்டைப் பற்றி இங்குச் சுருக்கமாகக் கூறினால் போதும். 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் இரண்டு நிகழ்ச்சிகள் பதிவுசெய்யப்பட்டு, அவற்றிலிருந்து தட்டு தொகுக்கப்பட்டது. தொடக்கப் பாடலில் கொலை பற்றிய அடி வந்ததும் கைதி ஒருவரின் உற்சாகக் கூச்சல் கேட்கும். கேட்போரை நடுங்கவைக்கும் இடம் அது. அக்கூச்சல் பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்பது இன்று நிறுவப்பட்டுள்ளது. காவலரின் பார்வையில் அமர்ந்திருந்த கைதிகள் அத்தகைய இடங்களில் குரலெழுப்பத் துணியவில்லை. அரங்கில் நிலவிய அந்த அச்சம் தட்டில் கொண்டாட்டமாக மாறியிருக்கின்றது. நியூபோர்ட் தட்டில் கரவொலி சேர்த்ததை நாம் பொறுத்துக்கொள்ளலாம். இதனைப் பொறுப்பது எளிதன்று. அங்கு ஒட்டியது இசையின் குறையை மறைத்தது. இங்கு ஒட்டியதோ, வாய் திறக்க இயலாத மனிதரின் வாயில் சொல்லை வைத்தது.

பிழை போல் வந்த மூலம்

தி ஹூ குழுவினர் 1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக உணவரங்கில் இசைத்த நிகழ்ச்சி அதே ஆண்டு மே மாதம் தட்டாக வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் பாப் டிலனின் வெளியிடப்படாத பதிவுகள் திருட்டுத்தட்டாகப் பரவியிருந்தன. அத்திருட்டுத்தட்டுகளைப் போலவே பழுப்பு நிற உறை, அதன்மேல் இரப்பர் முத்திரை, உள்ளே கையெழுத்துச் சீட்டு என இத்தட்டு வடிவமைக்கப்பட்டது. போலி போல் வேடமிட்ட முதலச்சு என்று இதனைக் கூறலாம். முத்திரையின் மை கருப்பா, நீலமா, சிவப்பா என்பதைக் கொண்டு சேகரிப்பாளர் முன்பின் வரிசை வகுக்கின்றனர். கருப்பு மை அரியது. உறையினுள் ஒப்பந்தப் படி, நிராகரிப்புக் கடிதம், சுவரொட்டி முதலான 12 தாள்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் விலை வீழும். இசையோடு தொடர்பில்லாத தாள்களுக்கு இத்துணை மதிப்பா என்று நகைப்பவர் உண்டு. பாயிரமும் சிறப்புப் பாயிரமும் நூலின் பகுதியல்ல என்று நாம் எறிந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நமக்கு இன்றியமையாததாகத் தோன்றுவது அத்தட்டின் நடுச்சீட்டிலுள்ள ஒரு குறிப்பு. பதிவில் பழுதான கம்பிகளால் வெடிப்பொலிகள் விழுந்திருந்தன. அவ்வொலிகள் இருப்பது சரியே, திருத்த வேண்டா என்று அக்குறிப்பு கூறுகின்றது. தட்டு வெட்டும் தொழிலாளர்க்கும் வாங்குவோர்க்கும் ஒருசேரக் கூறிய சொல் அது. 1995இல் பாடல்கள் ஆறிலிருந்து பதினான்காக விரிந்து குறுந்தட்டு வெளிவந்தபோது, அவ்வெடிப்பொலிகள் கணினியின் துணையால் பெரும்பாலும் நீக்கப்பட்டன. பதிப்பாசிரியர் திருத்தம் என்பதன் இயல்பு இதுதான். பொருள் விளங்காத இடத்தை நல்லெண்ணத்தோடு செம்மை செய்வது; அவ்விடம் அப்படியே இருக்கவேண்டும் என்று ஆசிரியரே கூறியிருப்பினும் செம்மை செய்வது. குறுந்தட்டை மட்டும் கேட்பவர் நல்ல இசையைக் கேட்கின்றார் என்பதில் ஐயமில்லை. அக்குறிப்பு எதனைப் பற்றியது என்பது மட்டும் அவருக்கு விளங்காது.

ஒரு கையறுநிலை

இதுவரை கூறியவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது பில் எவன்ஸ் மூவர் குழுவின் தட்டு. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்னும் சிறு நிலவறை அரங்கில், பிற்பகலும் இரவுமாக ஐந்து அமர்வுகளில் அவர்கள் வாசித்தனர். பியானோ எவன்ஸ், முழவுகள் பால் மோஷன், பாஸ் ஸ்காட் லஃபாரோ. பாஸ் என்பது பின்னே நின்று காலம் கணக்கிடும் கருவி என்னும் நிலையை மாற்றி, பியானோவோடு எதிருரையாடும் குரலாக அதனை வாசித்தவர் லஃபாரோ. அந்நாளுக்குப் பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, அவர் ஊர்தி விபத்தில் இறந்தார். வயது 25. எவன்ஸ் பல மாதங்கள் வாசிக்கவில்லை.

அந்நாளின் நாடாக்களிலிருந்து ஒரு தட்டைத் தொகுக்க அமர்ந்த எவன்ஸும் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸும் சிறந்த வாசிப்பு எது என்று மட்டும் தேடவில்லை. லஃபாரோ எங்கு மேலோங்கி ஒலிக்கின்றாரோ அப்பாடங்களைத் தேடினர். ஆறு உருப்படிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. முதலில் நிற்பது லஃபாரோ இயற்றிய ‘குளோரியாஸ் ஸ்டெப்’. இறுதியில் நிற்பதும் அவர் இயற்றிய ‘ஜேட் விஷன்ஸ்’. உறையின்மேல் அவர் பெயர் தனித்துப் பொறிக்கப்பட்டது. சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் அது ஒரு கையறுநிலை. புறத்துறைகளுள் இதனை எங்கே வைப்பது என்று நம்மவர் யாரும் தடுமாறமாட்டார். இறந்தானது குரலையே எடுத்து, அவனது பாட்டில் தொடங்கி அவனது பாட்டில் முடிக்கும் கையறுநிலை எனலாம்.

இங்கே பொருள் வரிசையில் இருக்கின்றது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை பாலை, இரண்டும் எட்டும் பெற்றவை குறிஞ்சி என்றவாறு அமைத்த வரிசை எப்புலவரும் பாடியதன்று, தொகுத்தாரது. அவ்வரிசையைக் கலைத்துக் கால முறையிலோ புலவர் பெயர் முறையிலோ அச்சிட்டால் பாடல் ஒன்றும் குறையாது. தொகை மட்டும் மறைந்துவிடும். எவன்ஸ் தட்டிற்கு நேர்ந்ததும் இதுவே. பின்னர் வந்த குறுந்தட்டு ஒன்றில், உருப்படிகள் சிலவற்றை அடுத்து அவற்றின் மாற்றுப் பாடங்கள் செருகப்பட்டன. பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தராமல் மூலத்தின் நடுவே அச்சிட்டது போன்ற செயல் இது. இறுதியாக ஒலித்து அடங்கவேண்டிய ‘ஜேட் விஷன்ஸ்’ அடங்கிய பின், அதன் முந்தைய பாடம் மறுபடியும் தொடங்குகின்றது. இரங்கற்பா முடிந்தபின் அதன் வரைவைப் படிக்கக் கேட்பதுபோல் இருக்கின்றது.

2005இல் மூன்று குறுந்தட்டுகளாக வந்த முழுமைப் பதிப்பு வேறு வகையினது. அது நாள்முழுதும் வாசித்த வரிசையிலேயே எல்லாவற்றையும் தருகின்றது. முதல் உருப்படியில் மின்சாரம் தடைப்பட்டு நாடா அறுந்த இடம் அறுந்தவாறே விடப்பட்டுள்ளது. நேர்மையான பதிப்பு முறை. அதில் கோப்பைகளின் கிணுகிணுப்பு, இடையிடையே பேச்சு, சிதறிய கரவொலி எல்லாம் கேட்கின்றன. இவர்களுள் ஒருவர் இன்னும் பதினொரு நாளில் இறப்பார் என்பது யாருக்கும் தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. முழுமைப் பதிப்பு அந்த அறியாமையை நமக்குத் தருகின்றது. முதலச்சோ அறிந்தபின் எழுந்த துயரத்தைத் தருகின்றது. இவ்விரண்டையும் ஒன்றின் செம்மையான வடிவம், செம்மையற்ற வடிவம் என்று வரிசைப்படுத்துவது திறனாய்வாகாது. இவை இரு நூல்கள்.

முதலச்சின் வரிசையைப் பிழையின்றிப் பின்பற்றும் வினைல் மறுபதிப்புகளும் உள. கேட்டு இன்புறுவதற்கும் வகுப்பில் கற்பிப்பதற்கும் அவையே போதும்; 1961ஆம் ஆண்டுத் தட்டிற்குச் சேகரிப்பாளர் கொடுக்கும் விலை, இசைக்கான விலை என்று நாம் கருதவில்லை. ஆயினும் எந்த வரிசை முதலில் வெளிவந்தது, உறையில் என்ன எழுதப்பட்டிருந்தது, பக்கம் எங்கே முடிந்தது என்பனவற்றிற்கு மறுபதிப்பு சாட்சி கூற இயலாது. ஜேம்ஸ் பிரவுனின் அப்பல்லோ தட்டில் ‘லாஸ்ட் சம்ஒன்’ என்னும் நெடும்பாடல் முதற்பக்கத்தின் இறுதியில் பாதியில் நின்று, தட்டைத் திருப்பியபின் மறுபக்கத்தில் தொடர்கின்றது. அக்கால வானொலி அறிவிப்பாளர்கள் ஒரு பக்கம் முழுவதையும் இடைநிறுத்தாமல் ஒலிபரப்பி, தட்டைத் திருப்பும் இடைவெளியில் விளம்பரம் வைத்தனர். குறுந்தட்டில் அவ்விரு பாதிகளும் ஒட்டப்பட்டுவிட்டன. நிகழ்ச்சிக்கு அதுவே உண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1963இல் கேட்டவர்கள் அந்தப் பாடலின் நடுவே எழுந்து சென்று தட்டைத் திருப்பினர்.

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் நாம் பயன்படுத்திய வெளிநாட்டு நூலகம் ஒன்றில், குறுந்தட்டுகள் வந்து சேர்ந்ததும் அவற்றிற்கு இணையான வினைல் தட்டுகள் தள்ளுவண்டியில் வைக்கப்பட்டு வாயிலருகே விடப்பட்டன, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அதே தலைப்பு, அதே கலைஞர், அதே நாள். எனவே இரட்டைப்படி என்று அட்டவணை கூறிற்று. அவ்வண்டியில் எவன்ஸ் தட்டும் இருந்தது. அதனைத் தள்ளியவரைக் குறை கூற இயலவில்லை. அவர் நோக்கிய பதிவட்டையில் தலைப்பும் கலைஞர் பெயரும் பதிவு நாளும் மட்டுமே இருந்தன. பொறிப்பு எண்ணிற்கும் பக்க வரிசைக்கும் பதிவட்டையில் கட்டமே இல்லை.